நீண்டகாலப் பயோலொஜிக் சிகிச்சையைத் தொடங்குபவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்தவர்களுக்கான வழிகாட்டி

முடக்கு வாதம், முள்ளந்தண்டு அழற்சி, சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதம், குரோன்ஸ் எனப்படும் குடல் அழற்சி போன்ற நோய்களுக்கு மாத்திரைகள் மட்டும் போதாமற்போகும் கட்டத்தில், "இனிப் பயோலொஜிக் ஊசியைத் தொடங்குவோம்" என்று விசேட வைத்திய நிபுணர் கூறுவார். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்குவதால் வரும் நோய்கள் இவை. அந்தத் தாக்குதலை நடத்துகின்ற ஒரு குறிப்பிட்ட புரதத்தையோ கலத்தையோ தேர்ந்தெடுத்துத் தடுப்பதே இம்மருந்துகளின் வேலை. அடலிமுமாப், எடனர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப் ஆகிய மூன்றும் டி.என்.எஃப். என்ற புரதத்தைத் தடுக்கின்றன. டொசிலிசுமாப் இன்டர்லூக்கின் 6 என்ற இன்னொரு புரதத்தின் வேலையைத் தடுக்கிறது. ரிடுக்சிமாப் ஒரு வகை வெண்குருதிக் கலங்களைக் குறைக்கிறது. இவை நோயை வேரோடு அகற்றுவதில்லை; அடக்கி வைக்கின்றன. ஆகவே சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளும் என்ற எண்ணத்தோடுதான் தொடங்க வேண்டும்.

நான் வைத்தியன் அல்லன். இந்த மருந்தோடு பல ஆண்டுகளாக வாழ்ந்துவரும் ஒரு நோயாளி. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இருக்கும் ஒருவருக்குத் தனியாக ஒரு வழிகாட்டி தேவை என்று நான் கருதுவதற்குக் காரணம் உண்டு. மருந்தை எழுதித் தருபவர் பெரும்பாலும் கொழும்பிலோ கண்டியிலோ, அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மாதத்தில் ஒரு குறித்த நாளிலோதான் நம்மைப் பார்க்கிறார். ஆனால் மாரி காலத்தில் நள்ளிரவில் காய்ச்சல் வரும்போது நம்மைப் பார்ப்பவர், நம்மை முன்பின் அறியாத இன்னொரு வைத்தியர். இவ்விருவருக்கும் நடுவில் செய்தியைக் கொண்டுசெல்ல நோயாளியைத் தவிர வேறு எவரும் இல்லை. கீழே நான் எழுதும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு பொறுப்பைச் சரியாகச் செய்வதற்கானதே.

முதல் ஊசிக்கு முன்னர்

எந்தப் பரிசோதனையையும் தவிர்க்க வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். முதன்மையானது காசநோய்ப் பரிசோதனை. நம் நாட்டில் பலருடைய உடலில் காசநோய்க் கிருமி எந்த அறிகுறியும் காட்டாமல் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். டி.என்.எஃப். தடுப்பு மருந்து உள்ளே போனதும் அது விழித்துக்கொள்ளலாம். அதனால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். கையில் மென்டூ ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அதன் தடிப்பை அளந்து பார்ப்பார்கள். பொத்துவிலிலிருந்தோ வாகரையிலிருந்தோ வருபவர்கள் இதற்கு இரண்டு முறை வரவேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள்; அளக்கும் நாளைத் தவறவிட்டால் அந்தப் பரிசோதனை வீணாகிவிடும். காசநோய்க்கு எதிராகப் பிறந்தவுடன் போடப்பட்ட பி.சி.ஜி. தடுப்பூசியினாலும் மென்டூ சில வேளை தடித்துக் காட்டும் என்பதால், இரத்தத்தில் செய்யும் இக்ரா பரிசோதனையையும் வைத்தியர் கேட்கக்கூடும்.

உறங்குநிலைக் காசநோய் இருப்பது தெரியவந்தால் ஐசோனியாசிட் மாத்திரையைப் பல மாதங்கள் எடுக்க வேண்டும். வழக்கமாக அதில் ஒரு மாதமாவது சென்ற பின்னரே பயோலொஜிக் தொடங்கப்படும். இந்தத் தாமதம் வலியோடு இருப்பவருக்குக் கொடுமையானதுதான், ஆனால் தேவையானது. ஐசோனியாசிட்டும், மூட்டு நோய்க்காகப் பலர் ஏற்கெனவே எடுக்கும் மெதோட்ரெக்ஸேட் மாத்திரையும் கல்லீரலுக்குச் சுமை தருபவை. இந்தக் காலத்தில் சாராயத்தையும் கசிப்பையும் முற்றாக விட்டுவிட வேண்டும். பரியாரியிடம் வாங்கும் கசாயங்களைப் பற்றியும் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். குறிப்பாகச் சீந்தில் கொடியைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்டமை இந்தியாவில் மருத்துவ ஆய்விதழ்களில் பதிவாகியுள்ளது. நாட்டு மருந்தென்றால் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உதவாது.

ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும் நடக்கும். இவை எல்லோருக்கும் செய்யப்படுபவை. உங்கள் நடத்தையைப் பற்றிய ஐயமாக இவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஹெப்படைட்டிஸ் பி கிருமி பழையதாக இருந்தாலும், முக்கியமாக ரிடுக்சிமாப் மருந்தின்போது அது மீண்டும் கிளம்பக்கூடும். முன்பு இருதய பலவீனம், பார்வை நரம்பு நோய், கைகால் மரத்துப்போகும் நரம்பு நோய் ஆகியன இருந்திருந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள், டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் இவற்றை மோசமாக்கலாம்.

தடுப்பூசிகளை இயன்றவரை சிகிச்சைக்கு முன்னரே முடித்துக்கொள்வது நல்லது. இன்ஃப்ளுவென்சா ஊசியையும் நியூமோகொக்கல் ஊசியையும் சிகிச்சையின் நடுவிலும் போடலாம். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளான சின்னமுத்து, கொப்புளிப்பான், மஞ்சட் காய்ச்சல் போன்றவற்றுக்கான ஊசிகளைச் சிகிச்சை தொடங்கிய பிறகு வைத்தியரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது.

மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருதல்

நம் மாவட்டங்களில் மிகுதியாகத் தவறு நடக்கும் இடம் இதுதான் என்பது என் கருத்து. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் போடும் ஊசிகளான அடலிமுமாப்பும் எடனர்செப்ட்டும் 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருக்க வேண்டும். இவை புரதங்கள், சூட்டில் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்து மீண்டும் இளகிய ஊசி பார்வைக்குத் தெளிந்த நீராகவே இருக்கலாம். ஆயினும் அதைப் போடக் கூடாது. அடலிமுமாப்பை 25 பாகைக்கு மேற்படாத இடத்தில் 14 நாட்கள் வரை வெளியில் வைக்கலாம் என்று அதன் தாளில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் சித்திரை, வைகாசியில் நம் வீட்டு அறை 25 பாகையில் இருப்பதில்லை. அந்தச் சலுகையை நம்பி இருக்க வேண்டாம்.

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் மருந்தை எடுத்து வருவதாயின், ஒரு சிறிய ரெஜிபோம் பெட்டியையும் இரண்டு ஜெல் ஐஸ் பைகளையும் கையோடு கொண்டுபோங்கள். உறைந்த பையை எடுத்தவுடன் மருந்துப் பெட்டியோடு ஒட்டி வைத்தால் ஊசி உறைந்துவிடும். பையை வெளியே வைத்து, அதன் மேல் நீர் துளிர்க்கும்வரை பொறுத்திருந்து, தடித்த துவாயால் சுற்றி அடியிலும் மேலிலும் வைத்து, நடுவில் மருந்தை அதன் அட்டைப் பெட்டியோடேயே வையுங்கள். அட்டைப் பெட்டி வெளிச்சத்திலிருந்து மருந்தைக் காக்கும். பெட்டியைப் பஸ்ஸின் அடித்தட்டில் மற்றப் பொதிகளோடு போடாமல் மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அருகில் உள்ள இருக்கையைத் தவிருங்கள். வழியில் காவலுக்கு நிற்பவர்கள் கேட்டால் காட்டுவதற்கு மருந்துத் துண்டின் பிரதி ஒன்றைப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுவது வசதியானது.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் நடுத்தட்டே பொருத்தமான இடம். கதவுத் தட்டு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடேறும். பின்சுவரோடு ஒட்டி வைத்தால் உறையும். பல வீடுகளில் இருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டியில் ஐஸ் அறைக்கு நேர்கீழே உள்ள தட்டும் உறையும் இடமே. ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மருந்தை இட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்துக் காலையிலும் மாலையிலும் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் யாரேனும் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் கதவைத் திறக்காமல் இருந்தால் நான்கு மணி நேரமளவுக்குக் குளிர் தங்கும். அதற்கு மேல் நீடித்தால் ஐஸ் பெட்டிக்கு மாற்றுங்கள். அல்லது ஜெனரேட்டர் உள்ள அருகிலுள்ள மருந்தகத்தில் வைத்துத் தருமாறு கேளுங்கள். சொன்னால் பெரும்பாலானோர் மறுப்பதில்லை.

ஐப்பசி முதல் தை வரையான மாதங்களுக்குத் தனியாகத் திட்டமிடுங்கள். 2024 நவம்பர் வெள்ளத்தில் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியை மேவிப் பாய்ந்த நீரையும் அது கொண்டுபோன உயிர்களையும் இங்கு எவரும் மறந்திருக்க மாட்டார்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வசிப்பவர்களுக்கு வீதி துண்டிக்கப்படுவது ஆண்டுதோறும் நடப்பதுதான். இயலுமானால் மாரி தொடங்குமுன் அடுத்த ஊசியையும் பெற்றுக்கொள்ள முடியுமா என்று கிளினிக்கில் கேளுங்கள். வைத்தியசாலையில் நரம்பு வழியாக ஏற்றும் மருந்தாயின், கிளினிக் நாளில் வரமுடியாமற்போனால் யாருக்கு அழைத்து வேறொரு நாளைப் பெறுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசி போடும் நாள்

அடலிமுமாப் பெரும்பாலும் 40 மில்லிகிராம் அளவில் இரண்டு கிழமைக்கு ஒருமுறையும், எடனர்செப்ட் 50 மில்லிகிராம் கிழமைக்கு ஒருமுறையும் போடப்படும். முதல் ஊசியைத் தாதியின் முன்னிலையில் போட்டுப் பழகுங்கள். வீட்டில் போடும் நாளில் மருந்தை வெளியே எடுத்து அரை மணி நேரம் மேசையில் வையுங்கள். குளிர்ந்த மருந்து உள்ளே போகும்போது கடுமையாக எரியும். சுடுநீரிலோ வெயிலிலோ வைத்துச் சூடாக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது. பேனா வடிவில் வரும் ஊசியின் கண்ணாடிச் சாளரத்தில் மருந்து தெளிவாக இருக்கிறதா, காலாவதித் திகதி கடந்துவிட்டதா என்று பாருங்கள். தொடையின் முன்பகுதியிலோ, தொப்புளிலிருந்து மூன்று விரற்கடைக்கு அப்பால் வயிற்றிலோ இடத்தைத் தெரிந்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அது முற்றாக உலரும்வரை பொறுங்கள். ஈரத்தோடு குத்துவதே பலருடைய எரிச்சலுக்குக் காரணம். பேனாவைச் செங்குத்தாக அழுத்தியதும் ஒரு "டிக்" ஓசை கேட்கும். உடனே எடுத்துவிடாமல், சாளரத்தில் நிற அடையாளம் முழுதாக நிரம்பும்வரை அசையாமல் பிடித்திருந்து, பின்னர் நேராக எடுங்கள். இடத்தைத் தேய்க்க வேண்டாம். அடுத்த முறை மற்றத் தொடைக்கு மாறுங்கள்.

பயன்படுத்திய ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் இட்டு மூடி, கிளினிக் நாளில் வைத்தியசாலையிலேயே ஒப்படையுங்கள். வளவில் எரிப்பதும் குப்பை வண்டியில் போடுவதும் இன்னொருவரின் கையையோ காலையோ குத்தும்.

இன்ஃப்ளிக்சிமாப் முதல் தடவைக்குப் பின் 2 ஆம், 6 ஆம் கிழமைகளிலும், அதன் பின்னர் பெரும்பாலும் 8 கிழமைக்கு ஒருமுறையும் வார்டில் இரண்டு மணி நேரமளவில் ஏற்றப்படும். ஏற்றும்போது நெஞ்சிறுக்கம், மூச்சுமுட்டல், தோலில் தடிப்பு, நடுக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அந்தக் கணமே சொல்லுங்கள். "மிஸ் வேலையாக இருக்கிறார்" என்று பொறுத்திருக்க வேண்டாம். இந்த மருந்தில் திகதிகளைத் தன் விருப்பத்துக்கு விட்டுவிட்டு மீண்டும் தொடங்குவது மிகுந்த கேடு. இடைவெளி விழும்போது மருந்துக்கு எதிராகவே உடல் எதிர்ப்புப் பொருட்களை உண்டாக்கிக்கொள்ளும். அதனால் மருந்து பலனற்றுப் போவதோடு, அடுத்த முறை கடும் ஒவ்வாமையும் வரலாம்.

சிலருக்கு முதல் ஊசியிலேயே சுகம் தெரியும். பலருக்கு மூன்று மாதம் வரை எடுக்கும். அதற்குள் "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று முடிவுகட்ட வேண்டாம். கூடவே மெதோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் மாத்திரை என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, அந்த நாளின் பெயரை மருந்துப் பையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். தவறி நாள்தோறும் எடுத்தால் உயிராபத்து.

நோன்பு காலத்தில் ஊசியை நோன்பு திறந்த பின் இரவில் போட்டுக்கொள்ளலாம். அதனால் சிகிச்சைக்கு எந்தக் குறையும் வராது.

காய்ச்சல் வந்தால்

இந்தப் பகுதியை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். காய்ச்சலின் நடுவில் நோயாளியால் தெளிவாகச் சிந்திக்க முடியாது.

வெப்பநிலை 38 பாகையோ அதற்கு மேலோ இருந்தால், அடுத்த ஊசியைப் போடாமல் நிறுத்தி வைத்து, அன்றே அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்டவோ அங்கு போகலாம். போக வசதியில்லையெனில் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்லவேண்டிய வாக்கியம் இது: "நான் நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி எடுக்கிறேன், மருந்தின் பெயர் இது, கடைசியாகப் போட்ட திகதி இது." சொல்லாவிட்டால் நீங்கள் வரிசையில் நிற்கும் இன்னுமொரு காய்ச்சற்காரர்தான்.

நம் பகுதிக் காய்ச்சல்களில் மூன்றைத் தனியாக அறிந்திருங்கள். டெங்குவில் பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கூடாது. மூட்டு நோயாளிகளின் வீட்டில் டைக்ளோஃபெனாக்கும் ஐபுபுரோஃபெனும் எப்போதும் இருக்கும் என்பதால் இது நமக்கு இரட்டிப்பு எச்சரிக்கை. எலிக்காய்ச்சல் வயல் நீரால் தொற்றும். கெண்டைக்கால் தசைகளில் கடும் வலியும் கண் சிவத்தலும் சிறுநீர் குறைதலும் வரலாம். மூன்றாவது மெலியொய்டோசிஸ். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்டீரியாவால் வரும் இந்நோய் இலங்கையில் உண்டு. மழை காலத்தில் கூடும். நிமோனியா போலவோ, ஆறாத கட்டி போலவோ, மூட்டுக்குள் சீழாகவோ தோன்றலாம். இதற்கு வழக்கமான நுண்ணுயிர்க்கொல்லிகள் பலனளிப்பதில்லை. இதற்கெனக் குறித்த மருந்துகளைக் கிழமைக்கணக்கில் நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். ஆகவே நீங்கள் வயலில் இறங்கினீர்களா, வெள்ள நீரில் நடந்தீர்களா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அது இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு வழிகாட்டும்.

டொசிலிசுமாப் எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அந்த மருந்து காய்ச்சலையும், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. எனும் இரத்த அளவையும் அடக்கிவிடுவதால், கடும் தொற்று இருந்தாலும் அறிக்கை சாதாரணமாகத் தெரியலாம். உடல் சோர்வு, மூச்சு வாங்குதல், வயிற்றில் கடும் வலி ஆகியவற்றை இலேசாக எடுக்க வேண்டாம். மருந்தின் இந்தத் தன்மையையும் வைத்தியரிடம் நினைவூட்டுங்கள்.

வீட்டிலோ அயலிலோ யாருக்கேனும் கொப்புளிப்பான் கண்டால், அம்மாள் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டி வெளியே சொல்லாமல் இருப்பது நம்மூர் வழக்கம். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் பயோலொஜிக் எடுப்பவருக்கு, அதுவும் முன்பு கொப்புளிப்பான் வராதவருக்கு, அது நுரையீரலைப் பாதித்து ஆபத்தாகலாம். நோயாளியோடு ஒரே அறையில் இருந்தது தெரிந்த அன்றே வைத்தியசாலைக்குச் சொன்னால், நோய் வருமுன் தடுக்கும் மருந்து தருவதற்கு நேரம் இருக்கும்.

கிழமைக்கணக்கில் நீளும் இருமல், இரவில் வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல், கழுத்தில் கழலை ஆகியன காசநோயின் அடையாளங்களாக இருக்கலாம். இம்மருந்து எடுப்பவர்களுக்குக் காசநோய் நுரையீரலுக்கு வெளியேயும் அடிக்கடி தோன்றுகிறது. சளி இல்லை என்பதால் அது இல்லை என்று கொள்ள முடியாது.

அன்றாட வாழ்க்கை

வயல் வேலையை விட்டுவிடச் சொல்வது அம்பாறையில் பலருக்கு வயிற்றைக் கட்டச் சொல்வதாகும். நீண்ட சப்பாத்து, கையுறை, காயத்துக்கு நீர்புகாத கட்டு, வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் ஆகியவற்றைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். பெரும்போகம் தொடங்குமுன் எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ விசாரியுங்கள். வாவியில் இறால், நண்டு பிடிப்பவர்கள் முள்ளும் கொடுக்கும் குத்திய சிறு காயம் கிழமைகள் கடந்தும் ஆறாவிட்டால் காட்ட வேண்டும். தீமிதிப்பு நேர்த்தி இருந்தால், அதை வேறு விதமாக நிறைவேற்றக் கோயில் பெரியவர்களோடு பேசுங்கள். சிகிச்சையில் இருப்பவரின் தீக்காயம் எளிதில் சீழ்ப்பிடிக்கும். கதிர்காமப் பாதயாத்திரையில் உகந்தைக்கு அப்பால் காட்டு வழியில் மருந்தைக் குளிரில் வைக்க வழியில்லை. போவதாயின் இரு ஊசிகளுக்கு இடைப்பட்ட நாட்களில், வைத்தியரைக் கேட்டபின் போங்கள்.

உணவில் பெரிய தடை எதுவும் இல்லை. காய்ச்சாத பாலையும் அரைவேக்காட்டு முட்டையையும் தவிருங்கள். நன்கு காய்ச்சிய பாலில் உறைந்த எருமைத் தயிரை உண்ணலாம். வெள்ளத்துக்குப் பின் கிணற்று நீரைக் குளோரின் இட்ட பிறகும் கொதிக்க வைத்தே குடியுங்கள்.

பிள்ளை பெற எண்ணும் பெண்கள் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மெதோட்ரெக்ஸேட்டைக் கருத்தரிக்கும் முன்னரே நிறுத்த வேண்டும். பயோலொஜிக் மருந்துகளில் சிலவற்றைக் கர்ப்ப காலத்திலும் தொடரலாம் என்பதால் பயத்தில் தாமாக நிறுத்தக் கூடாது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் ஊசி தொடர்ந்திருந்தால், இலங்கையில் பிறந்த குழந்தைக்கு வைத்தியசாலையை விட்டு வருமுன்னரே போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். அது உயிருள்ள கிருமியைக் கொண்டது. தாயிடமிருந்து சென்ற மருந்து குழந்தையின் உடலில் மாதக்கணக்கில் இருக்கும். பிரசவ வார்டிலும் குடும்பநல உத்தியோகத்தரிடமும் இதை எழுத்தில் கொடுங்கள். வீட்டில் கைக்குழந்தைக்குப் போலியோச் சொட்டு கொடுத்திருந்தால், அதன் அணையாடையை மாற்றியபின் கையை நன்றாகக் கழுவுங்கள்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். இம்மருந்துகள் விசேட நிபுணரின் வேண்டுகோளின்பேரில் அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கக்கூடியவை. ஆனால் தட்டுப்பாடு வரும்போது வெளியே வாங்க நேரிடும். மூலமருந்துக்கு நிகரான பயோசிமிலர் மருந்துகள் விலை குறைந்தவை. நிபுணர் எழுதித் தந்தால் தயங்காமல் எடுக்கலாம். உங்கள் நோய்க்கு ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பொருந்துமா என்பதைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பதிவும் பின்தொடர்தலும்

கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் நோயின் பெயர், மருந்தின் பெயர், அளவு, கடைசி ஊசியின் திகதி, ஒவ்வாமை, நிபுணரின் பெயர் ஆகியவற்றை எழுதி, அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். பல் பிடுங்கப் போனாலும் சத்திரசிகிச்சைக்குப் போனாலும் அதை முதலில் காட்டுங்கள். திட்டமிட்ட சத்திரசிகிச்சையைப் பெரும்பாலும் ஊசியின் இடைவெளி முடியும் தறுவாயில் வைத்து, புண் ஆறிய பின்னரே அடுத்த ஊசியைப் போடுவார்கள். திருமணப் பேச்சு வரும் வயதில் உள்ள பெண்களும் ஆண்களும் நோயை ஊருக்கு மறைப்பதை நான் விளங்கிக்கொள்கிறேன். ஆனால் வைத்தியரிடம் மறைத்துவிட வேண்டாம்.

சுகம் நிலைத்திருக்கும் ஆண்டுகளில் "இனி ஊசி எதற்கு" என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். அந்தக் கேள்வியை நிபுணரிடமே கேளுங்கள். காலையில் எழுந்ததும் மூட்டு விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, எந்த மூட்டு வீங்கியது, எத்தனை நாள் வலி மாத்திரை தேவைப்பட்டது என்பதைக் கொப்பியில் குறித்துக்கொண்டு போனால், இரண்டு கிழமைக்கொரு ஊசியை மூன்று கிழமைக்கொன்றாகத் தள்ளிப் பார்க்கலாமா என்பதை அவர் ஆதாரத்தோடு தீர்மானிப்பார். தள்ளிப்போட்ட பிறகு விறைப்பு மீண்டும் கூடினால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அறிவியுங்கள். பழைய இடைவெளிக்கே திரும்பவேண்டி வரலாம்.